எட்டு இடத்தில் ஒரு நேரம்

ஓசூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகம், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வலைப்பக்கங்கள் செய்து கொடுப்பது எங்கள் பிழைப்பு. உதிரிபாகம் கேட்டுப் பதிவு செய்யும் பக்கம், கேன்டீன் டோக்கன் பக்கம், ஆள் எடுக்கும் பக்கம் என்று சின்னச் சின்ன வேலைகள். நான் சேர்ந்ததும் என் கையில் கொடுக்கப்பட்டது ஒரு கம்பெனியின் பஸ் பக்கம்.

அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். தமிழ் பேசுகிறவர்கள், அத்திப்பள்ளியிலிருந்து வரும் கன்னடக்காரர்கள், பேரிகைப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள், விடுதியில் தங்கியிருக்கும் வடக்கத்திப் பெண்கள். எந்த ஷிப்டுக்கு எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்குப் பஸ் என்பதை நான்கு மொழியிலும் காட்டும் பக்கம் அது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சின்ன அட்டவணை, அவ்வளவுதான்.

அதற்குப் பின்னால் இருந்த டெம்ப்ளேட் வேறு கதை. டெம்ப்ளேட் என்பது பக்கத்தின் அச்சு. மாறாததை எழுதிவிட்டு, மாறுகிறவை வந்து உட்கார இடம் விட்டு வைப்போம். பார்க்கிறவர் தமிழைத் தேர்ந்தெடுத்தால் இதைக் காட்டு, இல்லையென்றால் அதைக் காட்டு என்று நடுநடுவே நிபந்தனைகள் இருக்கும். இந்த டெம்ப்ளேட்டில் எல்லாமே இடதுபக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கீழே கீழே போயிற்று. ஒரு நிபந்தனை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாது. உள்ளே இன்னொரு நிபந்தனை, அதற்குள் ஒன்று. மாறுகிறவற்றுக்கு வைத்த பெயர்கள் k1, k2, tt, x3 என்று இருந்தன. உருட்டிக்கொண்டே போனால் சற்றுமுன் பார்த்த வரிகளே மறுபடி வருவது போல இருக்கும். உண்மையிலேயே அவைதான் வருகின்றனவா, இல்லை வேறா என்று சொல்ல முடியாது.

அதை எழுதியவர் எங்கள் அலுவலகத்தில் மூத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணா. சொந்த ஊர் பேரிகை. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். முதல் நாள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தக் கோப்பை விளக்கினார். விரல் திரையில் ஓடிக்கொண்டே இருந்தது.

"இது லாங்குவேஜ் பாக்குது. இது ஷிப்ட் பாக்குது. இங்க வந்தா டேபிள். அப்புறம் இது... இது அப்படியே விட்ரு, தொடாத. புரியுதாம்மா?"

"புரியுதுண்ணா."

ஒன்றும் புரியவில்லை. நாகரசம்பட்டிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போய் கம்ப்யூட்டர் படித்தவள் நான். ஊரில் என்னை 'சாப்ட்வேர்ல இருக்குது' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் நாள் கேட்டிருக்கலாம். ஆனால் நேற்றுப் புரிந்தது இன்று எப்படிப் புரியாமல் போகும் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? ஒரு மாதம் போனதும் கேட்பதற்கான வழியே அடைபட்டுவிட்டது. சொன்ன சின்ன மாற்றத்தைத் தேடிச் செய்வேன், என் கணினியில் பக்கம் சரியாகத் தெரிகிறதா என்று பார்ப்பேன், மூடிவிடுவேன். மற்றவர்கள் அதைத் திறந்து வேகமாக உருட்டும்போது அவர்களுக்கெல்லாம் விளங்குகிறது, எனக்குத்தான் மூளை போதவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

நான் குடியிருந்தது ஜூஜுவாடியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில். பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார். அவர் கணவருக்கு செக்போஸ்ட் அருகே பழ வண்டி. ரம்ஜானுக்கு அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பிரியாணி வரும். நான் எந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தெரிந்ததும் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். லைன் வீட்டுப் பெண்களிடமெல்லாம் தன் போனைக் காட்டி, "இது நம்ம பொண்ணு செய்யறது" என்பார். நான் பேச்சை மாற்றுவேன்.

அந்த வருட மழைக்காலத்தில் கம்பெனியிலிருந்து ஒரு தகவல் வந்தது. மேம்பால வேலை நடப்பதால் முதல் ஷிப்ட் பஸ் ஜூஜுவாடிக்கு இனிமேல் ஐந்தரைக்குப் பதிலாக ஐந்தே காலுக்கு வரும். பக்கத்தில் மாற்ற வேண்டும். நான் கோப்பைத் திறந்து ஐந்தரையைத் தேடினேன். ஒரு இடத்தில் '5.30' என்று இருந்தது. மாற்றினேன். இன்னொரு இடத்தில் '5:30', அதையும் மாற்றினேன். தமிழில் பார்த்தேன், கன்னடத்தில் பார்த்தேன். சரியாக இருந்தது. மற்ற மொழிகளுக்கும் தேடித் தேடி மாற்றிவிட்டு, முடிந்தது என்று தகவல் அனுப்பினேன்.

மறுநாள் காலை நான் வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது அக்கா திரும்பி வந்தார். அந்த நேரத்தில் அவர் கம்பெனியில் இருக்க வேண்டும். புர்காவின் கீழ்ப்பாதி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. கையில் டிபன் கேரியர்.

"என்னக்கா, லீவா?"

"லீவு இன்னாத்துக்கும்மா. பஸ் போயிடுச்சு."

"அதுக்குள்ளயா?"

"போன்ல அஞ்சரைன்னுதான் போட்டிருந்துச்சு. அஞ்சே காலுக்கே வந்துட்டுப் போயிட்டானாம். நேத்து கம்பெனியில நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க, நேத்து எங்களுக்கு வீக் ஆஃப். எங்க செட்டு பூரா நின்னோம், மழையில. அத்திப்பள்ளியில இருந்து வந்த பொண்ணு ஒண்ணு, மாசமா இருக்குது, அதுவும் நின்னுச்சு. ஆட்டோ புடிச்சிப் போனா கேட்ல உடல. லேட்டாம்."

போனை என்னிடம் நீட்டினார். தமிழ்ப் பக்கம். ஜூஜுவாடி, முதல் ஷிப்ட், ஐந்தரை. நான் மாற்றியதே இல்லை என்பது போலப் பழைய நேரம் அப்படியே இருந்தது.

"நான் மாத்தினேன்க்கா," என்றேன்.

"மாத்தினியா? அப்ப இது இன்னா?"

அவர் கோபப்பட்டிருந்தாலும் குரலை உயர்த்தவில்லை. ஈரச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பக்கெட் நிரம்பி வழிந்து வாசலெல்லாம் ஓடியது. எதிர்வீட்டுப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு நானும் உள்ளே போய்விட்டேன். அலுவலகத்துக்குப் போகிற வழியில் அக்கா காத்து நின்ற செக்போஸ்ட் நிறுத்தத்தைப் பார்க்காமல் இருக்க பஸ்ஸில் மறுபக்கம் உட்கார்ந்தேன்.

நான் போவதற்குள் கம்பெனியில் பஸ் விவகாரம் பார்க்கும் அதிகாரி எங்கள் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் முதலாளியம்மாவை நாங்கள் மேடம் என்போம். மேடம் பொறுமையான ஆள், ஆனால் அன்று முகம் இறுகியிருந்தது. சுவரில் இருக்கும் பெரிய டிவியில் என் கணினியை இணைக்கச் சொன்னார். கோப்பு அவ்வளவு பெரிதாகச் சுவர் முழுக்க விரிந்தது.

"எங்க மாத்தினீங்க, எங்க மாறல? அதை மட்டும் காட்டுங்க," என்றார் அதிகாரி.

நான் உருட்டினேன். நேற்று மாற்றிய இடமே கிடைக்கவில்லை. மேலே போனேன், கீழே வந்தேன். ஒரே மாதிரி வரிகள் ஓடின. யாரோ இருமினார்கள். என் காது இரண்டும் தணலாகச் சுட்டன. எத்தனை நேரம் அப்படி உருட்டிக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. கடைசியில் அண்ணா எழுந்து வந்து, என் கையிலிருந்து மௌஸை வாங்கி, கோப்பின் அடிவரைக்கும் இழுத்து ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இங்க தான் இருக்குது. போனுக்குத் தனி. கம்ப்யூட்டருக்குத் தனி. முதல் நாளே சொன்னேனே."

அவர் சொல்லவில்லை. 'இது அப்படியே விட்ரு' என்றுதான் சொன்னார். ஆனாலும் நான், "ஆமாண்ணா, சொன்னீங்க. நான்தான் மறந்துட்டேன்," என்றேன். புரியவில்லை என்பதை ஒத்துக்கொள்வதைவிட மறந்துவிட்டேன் என்பது கொஞ்சம் கௌரவமாகப் பட்டது அப்போது.

அதிகாரி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல எப்படிங்க வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். ஏளனமில்லை, நிஜமாகவே வியந்து கேட்டார்.

அவர் போனபின் மேடம் என்னைக் கூப்பிட்டு, "இந்தக் கோப்பை யார் வேணும்னாலும் படிக்கற மாதிரி மாத்து. வேற வேலை எதுவும் இப்ப வேண்டாம்," என்றார். தண்டனையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் வேறெதையும் தொடவில்லை. எது எதற்கு உள்ளே இருக்கிறதோ அதை வலப்பக்கம் தள்ளி வைத்தேன். ஒரு நிபந்தனை தொடங்கும் வரியும் முடியும் வரியும் நேர்க்கோட்டில் நிற்கும்படி. நடுவில் வெற்று வரிகள் விட்டேன். அதுவரைக்கும் காடாக இருந்தது மெல்லப் பிரிந்து தெரிந்தது. அப்போதுதான் பார்த்தேன், அட்டவணை ஒரே அட்டவணைதான். நான்கு மொழிக்கு நான்கு நகல். கம்ப்யூட்டருக்கு ஒரு தடவை, போனுக்கு ஒரு தடவை. ஆக எட்டு. நேரம் தனியாக ஓரிடத்தில் இருந்து வந்து உட்காரவில்லை. எட்டு நகலிலும் எழுத்தோடு எழுத்தாகப் பதிந்திருந்தது. ஒன்றில் புள்ளி வைத்து, ஒன்றில் இரட்டைப் புள்ளி வைத்து, இந்தி நகல் ஒன்றில் இந்தி எண்களிலேயே.

எனக்கு மூளை போதவில்லை என்று இத்தனை நாள் நினைத்ததெல்லாம் வீண் என்று தெரிந்ததும் வந்தது நிம்மதியல்ல, கோபம். அந்தக் கோபத்தோடு எட்டு நகலையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டேன். தெலுங்கு போன் பக்கத்தில் பேரிகை ரோடு நிறுத்தத்துக்கு இருந்த நேரம் மற்ற எதிலும் இல்லாத நேரம். முன்பொரு தடவை மாற்றியபோது ஏழு இடத்தில் மாறி, அங்கே மட்டும் விட்டுப்போயிருந்தது. அதைத் தொட்டது நான் சேர்வதற்கு வெகுமுன்பு. தொட்டவர் அண்ணா.

வாராந்தரக் கூட்டத்தில் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று மேடம் கேட்டபோது டிவியில் அதைப் போட்டேன். எட்டு நகலையும் காட்டினேன். பிறகு, தேவையே இல்லாமல், தெலுங்குப் பக்கத்துக்குப் போனேன்.

"இது ரொம்ப நாளா தப்பாவே இருக்குது மேடம். நம்ம யாரும் கவனிக்கல."

"யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையா?" மேடம் அண்ணாவைப் பார்த்தார். "உங்களுக்குத் தெலுங்கு தெரியுமே. நீங்க பாத்திருக்கலாமே."

அண்ணா டிவியைப் பார்த்தார். "எங்க ஊரு ஆளுங்க, பஸ் எப்ப வந்தாலும் வரட்டும்னு முன்னாடியே வந்து நிப்பாங்க," என்று மெதுவாகச் சொன்னார். கூட்டம் முடிந்ததும் படியிறங்கிப் போய்விட்டார்.

டிவியில் அந்த வரி வெளிச்சமாக நின்ற அந்த ஒரு கணம் எனக்கு இனித்தது. என் முறை முடிந்து அவர் முறை வந்தது என்று உடம்பெல்லாம் ஒரு லேசான உணர்வு. அவர் இறங்கிப் போன சத்தம் கேட்டதும் அது போய்விட்டது. அதிகாரி முன்னால் நான் நின்றது எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அதே இடத்தில் அவரை நிறுத்தியிருந்தேன். அவருடைய சொந்த மொழியில், அவருடைய ஊர்ப் பெயர் இருந்த வரியில். அவரிடம் தனியாகச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கும் அவர் மேலே வரவில்லை. நான் கீழே போனேன். காயில் கட்டும் கடைக்கு அடுத்த டீக்கடையில், வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டீ கிளாஸ் காலியாக இருந்தது. அவர் பக்கத்தில் உட்காரவா, நிற்கவா என்று தெரியாமல் நின்றேன்.

"அண்ணா, நான் உங்ககிட்ட முதல்ல சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்," என்றார். சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. அது வரவில்லை. கொஞ்ச நேரம் ரோட்டில் போன கன்டெய்னர் லாரிகளையே பார்த்தார்.

"உட்காரு," என்றார் பிறகு. "அது முதல்ல தமிழ் மட்டும்தான் இருந்துச்சு. ஒரே ஒரு டேபிள். அந்தக் கம்பெனி சர்வர் ரூம்லயே நின்னுக்கிட்டு எழுதினேன், உட்கார நாற்காலி கூட இல்ல. அடுத்த மாசம் கன்னடம் வேணும்னாங்க. காப்பி பண்ணிப் போட்டேன். அப்புறம் தெலுங்கு, இந்தி. அப்புறம் போன்ல சரியா தெரியலன்னாங்க, முழுசையும் காப்பி பண்ணிட்டேன். நான் ஒருத்தன்தானே படிக்கப் போறேன்னு நெனச்சேன்."

"எனக்கு ஒண்ணுமே புரியலண்ணா. முதல் நாள்ல இருந்தே. புரியுதுன்னு பொய் சொன்னேன்."

"தெரியும்."

நான் அவரைப் பார்த்தேன்.

"நீ தலையாட்டினப்பவே தெரியும். உனக்கு முன்னாடி இருந்த பையனும் அப்படித்தான் ஆட்டினான். நிறுத்திக் கேட்டீங்கன்னா எனக்கே சொல்லத் தெரியாதும்மா. x3 எதுக்கு வெச்சேன்னு எனக்கு மறந்து ரொம்ப நாளாச்சு. அதான் வேகமா சொல்லிட்டுப் போயிடுவேன். உங்களுக்கு வெக்கம், கேக்க மாட்டீங்க. அது எனக்கு வசதியா இருந்துச்சு."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. கடைக்காரரிடம் இரண்டு டீ சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழுதால் அதுவும் அவர் தலையில் ஒரு பாரமாகும் என்று அடக்கிக்கொண்டேன்.

அடுத்த நாளிலிருந்து அவர் என் மேஜைக்கு நாற்காலியைக் கொண்டுவந்தார். இருவரும் சேர்ந்து பிரித்தோம். நேரங்களையெல்லாம் டெம்ப்ளேட்டிலிருந்து வெளியே எடுத்து ஓரிடத்தில் வைத்தோம். நான்கு மொழிச் சொற்களையும் தனியே வைத்தோம். எட்டு அட்டவணை போய் ஒன்றாயிற்று. போனில் அதே அட்டவணை தானாகச் சுருங்கிக்கொள்ளும்.

பெயர் வைக்கும்போதுதான் சண்டை வந்தது. ஊரில் யாருக்கும் புரியட்டும் என்று நிறுத்தத்துக்கு நான் ஆங்கில எழுத்தில் 'nirutham' என்று வைத்திருந்தேன்.

"நாளைக்கு ஆனேக்கல்ல இருந்து ஒருத்தன் வேலைக்கு வந்தா இதை எப்படிப் படிப்பான்?" என்றார்.

"அதுக்காக x3ன்னு வைக்கணுமா?"

அவர் சிரித்துவிட்டார். கூட்டத்துக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். "ஸ்டாப்னு வை. தமிழ்லயும் ஸ்டாப்பு, கன்னடத்துலயும் ஸ்டாப்பு, எங்க தெலுங்குலயும் ஸ்டாப்பு."

அப்படியே வைத்தோம். ஒவ்வொரு பகுதியையும் எழுதி முடித்ததும் அவர் சத்தமாக வாசிப்பார். 'ஒவ்வொரு ஸ்டாப்புக்கும், பஸ் இருந்தா, நேரத்தைக் காட்டு. இல்லன்னா, இன்னைக்கு பஸ் இல்லன்னு காட்டு.' வாசிப்பு எங்கே தடுக்குகிறதோ அங்கே திருத்துவோம். அவர் வாசித்துக் கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு வரியும் விளங்கியது. இது அதே பக்கம்தானா என்று இருந்தது.

புதிய பக்கம் நடைமுறைக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். எல்லாம் சரிசெய்துவிட்டோம், இனி தப்பு வராது என்று சொன்னேன். அவர் உட்காரச் சொல்லி, வெட்டிய பப்பாளியைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

"சரிம்மா, நல்லது," என்றார். "ஆனா நான் இப்ப அதைப் பாக்கறதில்ல. டிரைவர் நம்பர் வாங்கி வெச்சிருக்கேன். அவனுக்கே போன் போட்டுக்கறேன்."

"அந்த அத்திப்பள்ளிப் பொண்ணு?"

"வேலையை விட்டுடுச்சு. பஸ்ஸால இல்ல, அது வேற. நீ சாப்பிடு."

எனக்காகச் சொன்னாரா, உண்மையே அதுதானா என்று கேட்கும் தைரியம் இல்லை. பப்பாளியை முழுங்கிவிட்டு எழுந்தேன். அதற்குப் பின்னும் அக்கா என்னோடு நன்றாகத்தான் பழகினார். ஆனால் லைன் வீட்டில் யாரிடமும் போனை நீட்டி 'நம்ம பொண்ணு' என்று சொல்லி நான் கேட்கவில்லை.

இந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா சேர்ந்தார். குழந்தைகள் பெரிதானதும் மறுபடி வேலைக்கு வந்தவர். என்னைவிட மூத்தவர், பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. பஸ் பக்கத்தை அவரிடம் ஒப்படைக்கும்போது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனிக் கோப்பாக, அழகான பெயரோடு வைத்திருந்தேன். தலைப்புக்கு ஒன்று, வரிக்கு ஒன்று, வரிக்குள் வரும் நேரத்துக்கு ஒன்று, பஸ் இல்லை என்ற அறிவிப்புக்கு ஒன்று.

இரண்டாம் நாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"எதுக்கும்மா இத்தனை ஃபைலு? ஒண்ணைத் தொறந்தா இன்னொண்ணுக்குப் போ-ங்குது, அங்க போனா வேற ஒண்ணுக்குப் போ-ங்குது. ஒரு நேரம் எப்படி வருதுன்னு பாக்க நான் ஊரெல்லாம் சுத்த வேண்டியிருக்குது. எனக்குப் புரியலம்மா."

எனக்கு முகம் சுட்டது. அண்ணா தன் இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தார், மறுபடி தன் வேலைக்குத் திரும்பிக்கொண்டார். இதெல்லாம் ஏன் பிரித்தேன் என்று விளக்க வாயைத் திறந்தேன். நான்கு வாக்கியம் பேசியதும் என் குரல் வேகமெடுப்பது எனக்கே கேட்டது. நிறுத்தினேன்.

"எங்க வந்து நிக்கறீங்க, அதைக் காட்டுங்கக்கா," என்றேன்.

அவர் காட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நேரத்துக்கான கோப்பை வரிக்குள்ளேயே சேர்த்தோம். அறிவிப்பையும் அங்கேயே கொண்டுவந்தோம். இன்னும் இரண்டைச் சேர்க்கலாம் என்றார். ஒன்றுக்கு ஒத்துக்கொண்டேன், ஒன்றுக்கு மாட்டேன் என்றேன். அவர் விடவில்லை. டீ நேரம் தாண்டியும் அதற்காக வாதாடிக்கொண்டிருந்தோம்.